நடுக் கொல்லையில் டிராக்டர் நின்றால்...

ஆடிப் பட்டத்தில் ஒரு நல்ல மழை விழுந்துவிட்டால், போளூர் வட்டாரத்துச் செம்மண் கொல்லைகளில் உழவு ஓட்டி மல்லாட்டை விதைக்க இரண்டு மூன்று நாள்தான் அவகாசம். அதற்குமேல் வெயில் ஏறினால் மேல்மண் இறுகிவிடும். கொழு இறங்காது, விதைத்த விதையும் ஒரே சீராக முளைக்காது. அந்த நாட்களில் டிராக்டர் நின்றுபோனால் மெக்கானிக்கும் எளிதில் கிடைக்கமாட்டார். அவருக்கு அதே வேளையில் பல ஊர்களிலிருந்து அழைப்பு இருக்கும். அவர் வந்து சேருவதற்குள் ஈரம் போய்விடும். ரிப்பேர் செலவைவிட இந்த நஷ்டமே பெரிது.

சொந்தமாக டிராக்டர் வைத்திருப்போர் எல்லோரும் பெரிய நிலக்காரர்கள் அல்லர். மூன்று, நான்கு ஏக்கர் நிலத்தை வைத்துக்கொண்டு, பழைய வண்டி ஒன்றைக் கடனுக்கு வாங்கி, தம் கொல்லையையும் உழுது, அக்கம்பக்கத்தாருக்கு வாடகைக்கும் ஓட்டித் தவணை கட்டுகிற சிறு விவசாயிகளும் உண்டு. இவர்களுக்கு வண்டி நிற்கும் ஒவ்வொரு நாளும் இரட்டை நஷ்டம்.

ஓடிக்கொண்டிருந்த டிராக்டர் நின்றுபோவதற்கான காரணம் பெரும்பாலும் எஞ்சினின் உள்ளே இருப்பதில்லை. தூசி, தண்ணீர், காற்று ஆகிய மூன்றில் ஒன்று போகக் கூடாத இடத்துக்குப் போய்விட்டது என்றே பொருள். இவற்றைத் தடுப்பதற்கும், போய்விட்டால் வெளியேற்றுவதற்கும் நான்கைந்து ஸ்பேனர்களும், சுத்தமான துணி ஒன்றும், காலையில் பத்து நிமிஷமும் இருந்தால் போதும்.

ஏர் கிளீனர்

ஒரு லிட்டர் டீசல் எரிவதற்குப் பத்தாயிரம் லிட்டருக்கு மேல் காற்று வேண்டும். காய்ந்த செம்மண்ணில் ரொட்டவேட்டர் ஓட்டும்போது எழும் புழுதியின் நடுவே இருந்துதான் எஞ்சின் இவ்வளவு காற்றையும் இழுக்கிறது. அந்தப் புழுதியில் இருப்பது நுண்ணிய மணல். அது சிலிண்டருக்குள் புகுந்தால் உப்புத்தாளைக் கொண்டு தேய்த்தது போல் லைனரையும் பிஸ்டன் ரிங்கையும் தேய்த்துவிடும். முதலில் இழுவை குறையும். பிறகு ஆயில் குடிக்க ஆரம்பிக்கும். கடைசியில் எஞ்சினை இறக்கி வேலை பார்க்கும்படி ஆகும். மற்ற எந்தப் பாகத்தைக் கவனிக்காவிட்டாலும் இதைக் கவனிக்காமல் இருக்கக் கூடாது.

பழைய வண்டிகளில் இருப்பது எண்ணெய்க் கிண்ண வகை ஏர் கிளீனர். உள்ளே வரும் காற்று கிண்ணத்திலுள்ள எண்ணெயில் மோதித் திரும்பும்போது தூசி எண்ணெயில் தங்கிவிடும். கிண்ணத்தில் குறியிட்டுள்ள அளவுக்கே எண்ணெய் ஊற்ற வேண்டும். குறைந்தால் தூசி நிற்காது. அளவு மீறினாலோ எஞ்சின் அந்த எண்ணெயையும் இழுத்து எரிக்கும்; சில சமயம் ஆக்சிலேட்டரைக் குறைத்தாலும் வேகம் குறையாமல் தறிகெட்டு ஓடும். கிண்ணத்தின் அடியில் சேறு படிந்து, எண்ணெய் கூழ்போல் ஆகிவிட்டால், கையேட்டில் எத்தனை மணி நேரம் என்று போட்டிருந்தாலும் சரி, உடனே மாற்றிவிட வேண்டும். புழுதி உழவு நாட்களில் இதைத் தினமும் திறந்து பார்ப்பது நல்லது. எஞ்சினிலிருந்து இறக்கிய கறுப்பு ஆயிலையே இதில் ஊற்றும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. அது தவறான சிக்கனம்.

புதிய வண்டிகளில் இருப்பது காகித வடிகட்டி. இதைக் கழற்றி உள்ளங்கையில் மெதுவாகத் தட்டித் தூசியை உதிர்க்கலாம். காற்றுப் பிடிப்பதானால் குறைந்த அழுத்தத்தில், உள்ளிருந்து வெளிப்பக்கமாகப் பிடிக்க வேண்டும். பஞ்சர் கடையில் முழு வேகத்தில் ஊதச் செய்தால் காகிதம் கிழிந்துவிடும். உள்ளே ஒரு டார்ச் விளக்கைப் பிடித்துப் பார்த்தால், ஊசித்துளை இருந்தாலும் வெளிச்சம் கசிவது தெரியும். அப்படித் தெரிந்தால் புதியதுதான் போட வேண்டும். உட்புறம் இரண்டாவதாக உள்ள சிறிய வடிகட்டியைச் சுத்தம் செய்து போடக் கூடாது. அதற்குரிய காலத்தில் மாற்றிவிட வேண்டும். ஏர் கிளீனரிலிருந்து எஞ்சினுக்குச் செல்லும் ரப்பர் குழாயில் வெடிப்பு இருந்தாலோ, அதன் கிளிப் தளர்ந்திருந்தாலோ, மேற்சொன்ன கவனிப்பு எல்லாம் வீண்.

டீசல்

டீசல் பம்பும் நாசிலும் மிக நுண்ணிய அளவில் கடைந்த பாகங்கள். பம்பிலுள்ள பிளஞ்சருக்கும் அதன் உறைக்கும் நடுவே உள்ள இடைவெளி, ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் அதில் சில பங்குதான். ஒரு துளி தண்ணீர் துருவை உண்டாக்கும். ஒரு துகள் மண் கீறிவிடும். இவற்றை ஊரில் வைத்துச் சரிசெய்ய முடியாது, செலவும் அதிகம்.

கேனில் வாங்கிவந்த டீசலை அப்படியே டாங்கில் கவிழ்க்காமல், ஒரு நாளாவது அசையாமல் வைத்து, அடியில் தங்கியதை விட்டுவிட்டு, மேல் டீசலை மட்டும் மெல்லிய வலை வைத்த புனலில் ஊற்ற வேண்டும். துத்தநாகம் பூசிய பாத்திரத்தில் டீசலைச் சேமிக்கக் கூடாது. டாங்கை நிரப்ப ஏற்ற நேரம் மாலை, வேலை முடிந்தபின். அரை டாங்கோடு இரவில் விட்டால், காலிப் பகுதியில் உள்ள காற்றின் ஈரம் குளிரில் வியர்த்து டீசலில் இறங்கிவிடும். மார்கழிப் பனியில், அதுவும் ஜவ்வாது மலை மேல், இது அதிகம். காலையில் வண்டியைக் கிளப்புமுன் பில்டரின் அடித்திருகைத் தளர்த்தி, தேங்கிய தண்ணீரையும் கசடையும் இறக்கிவிட வேண்டும்.

நின்றபின் செய்ய வேண்டியது

எப்படி நின்றது என்பதை முதலில் நினைவுபடுத்திப் பார்க்க வேண்டும். வேகம் ஏறி இறங்கித் தள்ளாடி நின்றிருந்தால் டீசல் வழியில் தடை அல்லது காற்று. ஆயில் விளக்கு எரிந்து நின்றிருந்தாலும், 'டக்' என்று சத்தம் கேட்டு இறுகி நின்றிருந்தாலும், மறுபடி கிளப்பிப் பார்க்கவே கூடாது. அது மெக்கானிக் பார்க்க வேண்டிய வேலை. அப்போது விதைப்பு தவறாமல் இருக்க, வேளாண்மைப் பொறியியல் துறையின் வாடகை டிராக்டருக்கு முயல்வதே புத்திசாலித்தனம்.

டீசல் வழிதான் என்றால், டாங்கில் டீசல் இருக்கிறதா, அடிக்குழாய் திறந்திருக்கிறதா, மூடியிலுள்ள காற்றுத் துளை அடைத்திருக்கிறதா என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். மூடியின் துளை சேற்றால் அடைபட்டாலும் டீசல் இறங்காது. மூடியைத் தளர்த்தியதும் வண்டி ஓடினால் கோளாறு அதுவே.

டீசல் தீர்ந்து நின்ற வண்டியிலும், பில்டர் மாற்றிய வண்டியிலும், குழாயில் காற்று புகுந்திருக்கும். இதைத்தான் 'ஏர் லாக்' என்கிறோம். பலரும் இதற்கு செல்ப்பை அடித்துக்கொண்டே இருந்து பேட்டரியைக் காலி செய்துவிடுகிறார்கள். முறை இதுதான்: டாங்கில் டீசல் ஊற்றி, பில்டர் தலையிலுள்ள காற்றுத் திருகைச் சுற்றித் துடைத்து, இரண்டு சுற்றுத் தளர்த்தவும். பீட் பம்பின் கை நெம்பை அடிக்க அடிக்க முதலில் நுரை வரும். நுரை அடங்கி, குமிழி இல்லாத டீசல் வந்ததும், நெம்பை அடித்துக்கொண்டே திருகை இறுக்கவும். இரண்டு பில்டர் இருந்தால் டாங்குக்கு அருகில் உள்ளதை முதலில் முடித்து மற்றதற்குப் போகவும். அதன்பின் டீசல் பம்பிலுள்ள திருகிலும் இவ்வாறே செய்யவும். இன்னும் கிளம்பாவிட்டால், நாசிலுக்குப் போகும் குழாய்களின் நட்டை ஒரு சுற்றுத் தளர்த்தி, ஆக்சிலேட்டரைத் திறந்து, செல்ப்பைப் பத்து விநாடி மட்டும் அடிக்கவும். டீசல் கசிந்து வந்ததும் இறுக்கவும். ஒருமுறை அடித்தபின் ஒரு நிமிஷம் ஓய்வு கொடுத்தே மறுமுறை அடிக்க வேண்டும்.

நாசிலிலிருந்து வரும் டீசலின் முன் விரலைக் காட்டக் கூடாது. அதன் வேகம் தோலைத் துளைத்து உள்ளே புகுந்துவிடும். காயம் சிறிதாகத் தெரிந்தாலும் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். 2023 ஜனவரி முதல் 50 குதிரைத் திறனுக்கு மேற்பட்ட புதிய டிராக்டர்களுக்குக் கடுமையான புகை விதி வந்துவிட்டது. அதற்காகப் பொருத்தப்பட்ட 'காமன் ரெயில்' எஞ்சின்களில் அழுத்தம் பல மடங்கு அதிகம். அவற்றில் நாசில் குழாய் நட்டில் விவசாயி ஸ்பேனரே வைக்கக் கூடாது. பழைய வண்டி ஓட்டிப் பழகியவர்கள் புதிய வண்டிக்கு மாறும்போது இதை மறந்துவிடக் கூடாது.

புகையும் சூடும்

வண்டி ஓடும்போதே புகைக்குழாயைக் கவனித்துவந்தால் பல கோளாறுகள் முன்கூட்டியே தெரிந்துவிடும். கறுப்புப் புகை தொடர்ந்து வந்தால் காற்றுப் போதவில்லை, அல்லது நாசில் சரியாகத் தூவவில்லை, அல்லது வண்டியின் சக்திக்கு மீறிய கலப்பை மாட்டியிருக்கிறது. நீலப் புகை, ஆயில் எரிவதைக் காட்டும். காலைக் குளிரில் சிறிது வெள்ளைப் புகை வருவது இயற்கை. சூடான பிறகும் விடாமல் வந்தால் டீசலிலோ சிலிண்டரிலோ தண்ணீர் கலந்திருக்கலாம். ஆயில் குச்சியில் ஆயில் மோர் நிறமாக இருந்தாலும், ஊற்றாமலே அளவு ஏறியிருந்தாலும், வண்டியை நிறுத்திவிட வேண்டும். ஆயில் பார்ப்பது சமதரையில், காலையில் கிளப்புமுன்.

எஞ்சின் சூடேறினால் ரேடியேட்டரின் முன்வலையைப் பார்க்கவும். மல்லாட்டைக் கொடி அடிக்கும் நாட்களிலும் நெல் தூற்றும் களத்திலும் அதில் சருகும் தூசியும் அடைத்துக்கொள்ளும். பேன் பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலம் போல் அமுங்க வேண்டும். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். வற்றிச் சூடேறிய எஞ்சினில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் ஹெட் வெடிக்கலாம். ஆறவிட்டே ஊற்ற வேண்டும். பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே, தகடுகள் மூழ்கும் அளவுக்கு. முனைகளில் பூக்கும் வெள்ளையைச் சுடுநீரால் கழுவி வாசலின் தடவினால் போதும்.

மலைப்பாதையில்

போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர் செல்லும் மலைச்சாலையில் டிரெய்லரோடு போகிறவர்கள் பிரேக்கைத் தனியாகக் கவனிக்க வேண்டும். டிராக்டரில் இடது, வலது சக்கரங்களுக்குத் தனித்தனிப் பெடல்கள் உண்டு. உழவில் வளைந்து திரும்ப அவை தனித்தனியே உதவும்; சாலைக்கு வந்ததும் இரண்டையும் கொக்கியால் இணைத்தே ஆகவேண்டும். இணைக்காமல் ஒன்றை மட்டும் மிதித்தால் வண்டி ஒருபுறமாக இழுத்துக் கவிழும். இணைத்தபின் இரண்டும் ஒரே சமமாகப் பிடிக்கின்றனவா என்று சமதரையில் சோதித்துவிட்டே மலை ஏற வேண்டும். எந்தக் கியரில் ஏறுகிறோமோ அதே கியரில் இறங்க வேண்டும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டுவோரும் கிளட்ச்சை மிதித்தபடி இறங்குவோரும் இருக்கிறார்கள். பாரம் ஏற்றிய டிரெய்லர் பின்னாலிருந்து தள்ளும்போது பிரேக் மட்டும் தாங்காது. 2022 ஏப்ரலில் இதே மலையின் திருப்பத்தூர்ப் பக்கம், செம்பரைக் கோயிலுக்குச் சென்ற வேன் பள்ளத்தில் உருண்டு பெண்களும் குழந்தைகளும் மாண்டனர். ஆட்களை ஏற்றச் செய்யப்பட்டதல்லாத டிரெய்லரில் கூலியாட்களையும் திருவிழாக் கூட்டத்தையும் ஏற்றிச் செல்வது இன்னும் ஆபத்து.

பின்சக்கரக் காற்றை வயலுக்கு 12 பவுண்டு அளவில் வைத்திருப்பவர்கள் சாலையில் பாரம் இழுக்குமுன் 16 முதல் 18 வரை ஏற்றிக்கொள்ள வேண்டும். வண்டிக்குரிய கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதையே பின்பற்றவும்.

டேஷ்போர்டில் ஓடும் மணிக்கணக்கை ஒரு பள்ளிக்கூட நோட்டில் எழுதிவர வேண்டும். ஆயில் மாற்றியது, பில்டர் மாற்றியது, கிரீஸ் வைத்தது எல்லாம் எத்தனையாவது மணியில் என்று குறித்துவைத்தால், அடுத்தது எப்போது என்று ஞாபகத்தை நம்பியிருக்க வேண்டாம். வாடகைக்கு ஓட்டும் டிரைவர் மாறினாலும் கணக்கு மாறாது. பிறகு ஒருநாள் வண்டியை விற்க நேர்ந்தால், வாங்க வருகிறவர் முதலில் கேட்க வேண்டியதும் இந்த நோட்டைத்தான்.