பேட்டரி ரம்பத்தில் சிவப்பு விளக்கா? பேட்டரியை மாற்றும் முன் சங்கிலியைப் பாருங்கள்!

மா, கொய்யா மரங்களில் கவாத்து செய்யவும், செடிமுருங்கையைத் தரையிலிருந்து 90 செ.மீ. உயரத்தில் வெட்டி மறுதாம்பு விடவும், வேலியோரச் சீமைக் கருவேலத்தைக் கழிக்கவும் பேட்டரியில் ஓடும் சிறிய செயின் சா ரம்பங்கள் இன்று கிராமங்களில் நிறையப் புழங்குகின்றன. பெட்ரோல் மெஷின் போல கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்ய வேண்டியதில்லை. கனமில்லை, புகையில்லை. பெண்களும் வயதானவர்களும் எளிதாகக் கையாள முடிகிறது. ஆனால், வாங்கிய சில மாதங்களிலேயே பலரிடமிருந்து ஒரே புகார் வருகிறது: “சிவப்பு விளக்கு எரிகிறது, மெஷின் நின்றுவிடுகிறது. பேட்டரி போய்விட்டது போலிருக்கிறது.”

இந்த முடிவுக்கு அவசரப்பட்டு வந்து புதுப் பேட்டரி வாங்குபவர்கள் அதிகம். ரம்பத்தின் மொத்த விலையில் பேட்டரிக்கே பெரும் பங்கு போகிறது. புதுப் பேட்டரி போட்ட பிறகும் நாலு கிளை அறுத்ததும் அதே சிவப்பு விளக்கு எரியும்போதுதான் கோளாறு வேறு எங்கோ இருக்கிறது என்று தெரியவரும். விளக்கு இருப்பது பேட்டரியில்தான். ஆனால் அது பல நேரங்களில் சொல்வது சங்கிலியின் கதையை.

எதைப் பார்ப்பதற்கு முன்பும் பேட்டரியைக் கழற்றிக் கீழே வைத்துவிட வேண்டும். மெஷின் தானாக நின்றிருக்கும்போது, மாட்டிய கிளையை விடுவிக்கச் சங்கிலியில் கை வைப்பதுதான் மிகவும் ஆபத்தான நேரம். உள்ளே இருக்கும் பாதுகாப்புச் சுற்று மறுபடி இணைந்தால், விசையில் இருக்கும் விரல் போதும், சங்கிலி ஓடத் தொடங்கிவிடும். கழற்றுவதற்கு இரண்டு நொடி ஆகும். அந்த இரண்டு நொடியை மிச்சப்படுத்தப் பார்க்க வேண்டாம்.

மெஷின் ஏன் நிற்கிறது?

லித்தியம் அயன் பேட்டரிக்குள் சிறு சிறு செல்கள் வரிசையாக இணைக்கப்பட்டிருக்கும். 18 வோல்ட் என்றும் 21 வோல்ட் என்றும் விற்கப்படுபவை பெரும்பாலும் ஒன்றுதான். ஐந்து செல் வரிசை, ஒவ்வொன்றும் சராசரியாக 3.6 வோல்ட் என்றால் 18. முழு சார்ஜில் ஒவ்வொன்றும் 4.2 வோல்ட் என்றால் 21. (இதே அளவுப் பெட்டியில் 48, 88 என்றெல்லாம் பெரிய எண் அச்சிட்டு விற்பவர்களும் உண்டு. முழு சார்ஜ் செய்த பேட்டரியின் முனைகளில் எலக்ட்ரீசியனிடம் உள்ள மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். வாங்கும்போதே கடையில் வைத்துப் பார்ப்பது இன்னும் நல்லது.)

இந்தச் செல்களைக் காவல் காக்க ஒரு சிறிய மின்சுற்று இருக்கிறது. மோட்டார் அளவுக்கு மீறி மின்சாரத்தை இழுத்தாலும், செல் சூடேறினாலும், செல்லின் வோல்டேஜ் அடிமட்டத்துக்குப் போனாலும் அது இணைப்பைத் துண்டிக்கும். மழுங்கிய சங்கிலியை மரத்தில் அழுத்தினால் மோட்டார் திணறும். திணறும் மோட்டார் கூடுதல் மின்சாரத்தை இழுக்கும், பேட்டரி சூடேறும், விளக்கு எரியும், மெஷின் நிற்கும். பேட்டரி கெட்டதால் நின்றதல்ல அது. கெடாமல் இருப்பதற்காக நின்றது.

எனவே முதல் சோதனை எளிது. கிளையில் வைக்காமல், வெறும் காற்றில் மெஷினை ஓட்டிப் பாருங்கள். காற்றில் சீராக ஓடி, மரத்தில் வைத்ததும் நின்றால், சந்தேகம் சங்கிலி, பார், எண்ணெய் ஆகியவற்றின் மேல் விழ வேண்டும். காற்றிலேயே ஓடவில்லை என்றால் பேட்டரி, அதன் முனைகள், விசை, பூட்டுப் பொத்தான், பிரேக் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். கட்டைவிரலால் பூட்டுப் பொத்தானை அழுத்தாமல் விசையை மட்டும் இழுத்துவிட்டு “ஓடவில்லை” என்பவர்களும் இருக்கிறார்கள். முன்புறக் கைக்காப்பு கொண்ட பெரிய ரம்பங்களில், அந்தக் காப்பு முன்னால் தள்ளப்பட்டிருந்தால் பிரேக் பிடித்திருக்கிறது என்று பொருள். அதைப் பின்னால் இழுத்தால் சரியாகிவிடும்.

சங்கிலியின் நிலை

அறுக்கும்போது கீழே விழுவதைப் பாருங்கள். நல்ல கூர்மையுள்ள சங்கிலி, மரத்தைச் சிறு சீவல்களாகத் தள்ளும். மாவு போன்ற தூள் விழுந்தால் பல் மழுங்கிவிட்டது. அறுப்பு ஒரு பக்கமாக வளைந்து போனால் ஒரு பக்கத்துப் பற்கள் மட்டும் மழுங்கியிருக்கின்றன. நம் ஊரில் சங்கிலி மழுங்குவதற்கு முதல் காரணம் மரமே அல்ல, மண். அடிக்கட்டையைத் தரையோடு அறுக்கும்போது பல் ஒரே ஒரு முறை மண்ணைத் தொட்டாலும் கூர் போய்விடும். காற்றடிக்கும் மணற்பாங்கான பகுதிகளில் சீமைக் கருவேலத்தின் பட்டைக்குள்ளேயே மணல் புகுந்திருக்கும். புளி, கருவேலம் போன்ற கெட்டி மரங்களில் இது இன்னும் வேகமாக நடக்கும்.

கூர் போடுவதற்கு உருண்டை அரம் போதும். ஆனால் அதன் கனம் சங்கிலிக்குப் பொருந்த வேண்டும். சிறிய கவாத்து ரம்பங்களில் வரும் கால் அங்குலச் சங்கிலிக்குப் பொதுவாக 3.2 மி.மீ. அரம், சற்றுப் பெரிய ரம்பங்களில் வரும் எட்டில் மூன்று அங்குல மெல்லிய சங்கிலிக்கு 4 மி.மீ. அரம். பல்லின் உட்புறத்திலிருந்து வெளிப்புறமாக மட்டும் தள்ளி அராவ வேண்டும். இழுக்கும்போது அரத்தைத் தூக்கிவிட வேண்டும். ஒரு பல்லுக்கு இரண்டு தள்ளு என்றால் எல்லாப் பல்லுக்கும் இரண்டே தள்ளு. அரிவாளுக்குத் தீட்டுவதுபோல முன்னும் பின்னும் தேய்த்தால் பல் வீணாகும்.

புதுச் சங்கிலி போட்ட பிறகும் வெட்டவில்லையா? தலைகீழாக மாட்டியிருக்கலாம். பாரின் மேல்பக்கத்தில் இருக்கும் பற்களின் கூர்முனை, பாரின் நுனியை நோக்கி இருக்க வேண்டும். இது சிரிப்பதற்கான விஷயமல்ல. பார்வைக்கு இரண்டு பக்கமும் ஒன்றுபோலத் தெரிவதால் அனுபவசாலிகளும் இதில் ஏமாறுகிறார்கள்.

இறுக்கமும் முக்கியம். கையுறை போட்டுக்கொண்டு சங்கிலியைக் கையால் இழுத்தால் அது நகர வேண்டும். பாரின் கீழ்ப்பக்கம் தொங்கலும் கூடாது. நடுவில் பிடித்து மெல்லத் தூக்கினால், உள்பற்கள் பாரின் பள்ளத்தை விட்டு வெளியே வரக் கூடாது. அதிக இறுக்கம் மோட்டாரைத் திணறடிக்கும், அதிகத் தளர்வு சங்கிலியைக் கழற்றிவிடும். ஓடும்போது சூட்டில் சங்கிலி நீளும் என்பதால் புதுச் சங்கிலியை முதல் சில நிமிடங்களுக்குப் பிறகு மறுபடி பார்க்க வேண்டும். சூடாக இருக்கும்போது இறுக்கியிருந்தால் வேலை முடிந்ததும் தளர்த்திவிடுங்கள். இல்லையென்றால் ஆறியதும் சுருங்கி, பல்சக்கரத்தையும் பேரிங்கையும் இழுத்துப் பிடிக்கும்.

எண்ணெய் விஷயத்தில்தான் அதிக அலட்சியம். நான்கு, ஆறு அங்குலச் சிறு ரம்பங்கள் பலவற்றில் தானாக எண்ணெய் விடும் வசதி கிடையாது. வேலை தொடங்கும் முன்பும், ஒவ்வொரு முறை பேட்டரி மாற்றும்போதும் பாரின் பள்ளத்தில் சில சொட்டு விட வேண்டும். தொட்டி உள்ள ரம்பம் என்றால், ஒரு வெளிறிய அட்டைக்கு மேல் நுனியைப் பிடித்து ஓட்டிப் பாருங்கள். அட்டையில் எண்ணெய்க் கோடு விழ வேண்டும். விழாவிட்டால் பாரைக் கழற்றி, எண்ணெய்த் துளையில் அடைத்திருக்கும் தூளை மெல்லிய கம்பியால் எடுக்க வேண்டும். பாரின் பள்ளத்தையும் அப்போதே சுரண்டிவிடலாம். முருங்கையின் ஈரத்தூளும் தென்னை மட்டையின் நாரும் பல்சக்கரத்தைச் சுற்றிப் பந்துபோல் இறுகிக்கொள்ளும். அந்த நாரை எடுத்ததும் ‘கெட்டுப்போன பேட்டரி’ சரியான கதைகள் நிறைய உண்டு.

டிராக்டரிலிருந்து வடித்த கழிவு ஆயிலை ஊற்றுவது ஊர் வழக்கமாகிவிட்டது. அதில் இருக்கும் உலோகத்தூள் பாரைத் தேய்க்கும், துளையை அடைக்கும், கையில் படுவதும் நல்லதல்ல. சமையல் எண்ணெய் ஊற்றிவிட்டு மாதக்கணக்கில் சும்மா வைத்தால் பிசின்போல் இறுகிவிடும்.

விளக்குகளின் மொழி

எல்லா கம்பெனிக்கும் பொதுவான விளக்கு மொழி கிடையாது. உதாரணத்துக்கு ஸ்டீல் நிறுவனத்தின் நான்கு விளக்கு கொண்ட பேட்டரிகளை எடுத்துக்கொள்ளலாம். பச்சை விளக்குகள் மீதமுள்ள சார்ஜைக் காட்டும். ஒரே ஒரு விளக்கு நிலையாகச் சிவப்பில் எரிந்தால், பேட்டரி அளவுக்கு மீறிச் சூடாகவோ குளிராகவோ இருக்கிறது. மூன்று விளக்குகள் நிலையாகச் சிவப்பில் எரிந்தால் சூடாகியிருப்பது மெஷின். மூன்றும் விட்டுவிட்டு மின்னினால் மெஷினில் கோளாறு, நான்கும் சிவப்பில் மின்னினால் பேட்டரியில் கோளாறு. ஆக, எத்தனை விளக்கு, என்ன நிறம், நிலையாக எரிகிறதா, மின்னுகிறதா என்ற மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் அர்த்தம் கிடைக்கும். வேறு கம்பெனி ரம்பத்தில் இதே அடையாளத்துக்கு வேறு பொருள் இருக்கலாம். பெட்டியோடு வந்த கையேட்டைத் தூக்கிப்போடாமல், அந்த ஒரு பக்கத்தையாவது செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சூடு என்று விளக்கு சொன்னால் மருந்து நிழல்தான். மெஷினிலிருந்து பேட்டரியைக் கழற்றி, மர நிழலில் அரை மணி நேரம் வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஈரத்துணி சுற்றுவது, வாய்க்கால் தண்ணீரில் நனைப்பது, ஐஸ் பெட்டியில் வைப்பது எதுவும் கூடாது. வேலை முடிந்த சூட்டோடு சார்ஜரில் மாட்டினாலும் பல சார்ஜர்கள் ஏற்காமல் விளக்கை மின்னவிடும். இவ்வகை பேட்டரிகளைப் பொதுவாக 45 டிகிரி செல்சியஸுக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது. சித்திரை மாத மதியத்தில் தகரக் கூரை போட்ட மோட்டார் ரூமும், வெயிலில் நிற்கும் பைக்கின் பெட்டியும் அந்தச் சூட்டைத் தாண்டிவிடும். சார்ஜ் போடுவதைக் காலையிலோ இரவு படுக்கும் முன்போ வைத்துக்கொள்வது நல்லது. ஆனால் போட்டுவிட்டுத் தூங்கிவிடக் கூடாது.

பேட்டரியேதான் கோளாறா?

இரண்டு பேட்டரி உள்ளவர்களுக்கு இதைக் கண்டுபிடிப்பது சுலபம். மாற்றிப் போட்டுப் பாருங்கள். கோளாறு பேட்டரியோடு நகர்ந்தால் பேட்டரியில், மெஷினிலேயே தங்கிவிட்டால் மெஷினில். ஒன்றே ஒன்று இருந்தால், அதே ரக பேட்டரி வைத்திருக்கும் பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் ஐந்து நிமிடம் கேட்டு வாங்கலாம்.

முழு சார்ஜ் காட்டிவிட்டு, விசையை அழுத்தியதும் விளக்குகள் மளமளவென்று ஒன்றுக்கு இறங்கினால் வரிசையில் ஒரு செல் பலவீனமாகிவிட்டது. ஐந்து பேர் வரிசையில் நின்று மண்கூடை மாற்றும்போது ஒருவர் சோர்ந்தால் மொத்த வேலையும் அவர் வேகத்துக்கு இறங்குவது போலத்தான். மற்ற நான்கும் நன்றாக இருந்தும் பயனில்லை.

மெஷினோடு இணையும் உலோக முனைகளையும் பாருங்கள். யூரியா மூட்டை, பூச்சிமருந்து டப்பா இருக்கும் அறையிலேயே ரம்பத்தையும் வைத்தால் முனைகளில் பச்சை படியும். காய்ந்த பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தால் போதும். உப்புத்தாள் வேண்டாம்.

ஒரு பருவம் முடிந்து அடுத்த கவாத்து வரை ஏழெட்டு மாதம் சார்ஜ் இல்லாமல் கிடந்த பேட்டரியைச் சார்ஜர் ஏற்காது. அப்போது சிலர் நேரடியாக ஒயர் கொடுத்தும், பைக் பேட்டரியோடு இணைத்தும் ‘உயிர் கொடுத்து’த் தருகிறார்கள். அடிமட்டத்துக்குக் கீழே போய் நீண்ட நாள் கிடந்த செல்லுக்குள் செம்பு கரைந்து, பின்னர் சார்ஜ் ஏறும்போது உள்ளேயே ஷார்ட் ஆக வாய்ப்புண்டு. அது தீப்பிடிப்பது வீட்டுக்குள், வைக்கோல் பக்கத்தில், குழந்தைகள் படுத்திருக்கும் இடத்தில் நடக்கலாம். இந்த வேலைக்குச் சம்மதிக்கவே வேண்டாம். உப்பிய, விரிசல் விட்ட, இனிப்பான ரசாயன வாடை அடிக்கும் பேட்டரியையும் சார்ஜில் போடக் கூடாது. பருவம் முடிந்ததும் பாதி சார்ஜில், மெஷினிலிருந்து கழற்றி, குளிர்ச்சியான உலர்ந்த இடத்தில் வைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை விளக்கைப் பார்த்து வந்தால் இந்த நிலையே வராது.

உண்மையிலேயே ஆயுள் முடிந்த பேட்டரியைக் குப்பையிலோ தீயிலோ கிணற்றிலோ போடாமல் விற்ற கடையில் கேளுங்கள். 2022-ஆம் ஆண்டு வெளியான பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு உற்பத்தியாளர்களுடையது.

மழுங்கிய சங்கிலியால் கெடுவது மெஷின் மட்டுமல்ல. மாமரக் கிளையில் அது பட்டையைக் கிழித்து நாராக்கிவிடும். அந்தக் காயம் ஆற நாளாகும், பூஞ்சணம் அதன் வழியே புகும். கிளையின் அடிப்பக்கம் முதலில் சிறிது அறுத்துவிட்டு, பிறகு மேலிருந்து அறுத்தால் பட்டை உரியாது. வெட்டுவாயில் 10 சதவீத போர்டோ பசை தடவுவதை எப்போதும்போல் செய்யுங்கள்.

இவ்வளவும் பார்த்த பிறகும் ஓடவில்லை என்றால் சர்வீஸ் கடைக்குத்தான் போக வேண்டும். அங்கே வெறுமனே “ஓடவில்லை” என்று சொன்னால் புதுப் பேட்டரி தலையில் கட்டப்பட வாய்ப்பு அதிகம். எத்தனை விளக்கு எந்த நிறத்தில் எரிந்தது, மின்னியதா, காற்றில் ஓடியதா, வேறு பேட்டரி போட்டபோது என்ன ஆனது, சங்கிலிக்குக் கடைசியாக எப்போது அரம் போட்டது என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொண்டு போங்கள். விளக்கு எரியும் நிலையில் செல்போனில் பத்து நொடி வீடியோ எடுத்து வைத்திருந்தால், கடைக்காரரும் அதைப் பார்த்துவிட்டுத்தான் பேசுவார்.