இரைச்சலை விழுங்கும் இரட்டைச் சுருள்

இராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் திருவிழா இரவென்றால் மெல்லிசைக் கச்சேரியும் உண்டு. மேடைக்கு அருகே நின்றிருந்தால் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். மின் கிட்டாரை ஆம்ப்ளிஃபயரில் செருகியதும், கலைஞர் தந்தியைத் தொடும் முன்பே, 'ம்ம்ம்...' என்று ஓர் இரைச்சல் எழும். தந்தி அசையவில்லை, ஒலி மட்டும் எங்கிருந்து வந்தது?

விடை காண, கிட்டாரின் காதைப் பார்ப்போம். தந்திகளுக்குக் கீழே இருக்கும் அதற்குப் 'பிக்கப்' என்று பெயர். நிலைக் காந்தங்களைச் சுற்றி, தலைமுடி போன்ற மெல்லிய தாமிரக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்றுகளாகச் சுற்றப்பட்டிருக்கும். எஃகுத் தந்தி அதிரும்போது சுருளின் ஊடே செல்லும் காந்தப் புலம் கூடிக் குறைகிறது. உடனே சுருளில் மிகச் சிறிய மின்னழுத்தம் தோன்றுகிறது. 1831இல் மைக்கேல் ஃபாரடே கண்ட மின்காந்தத் தூண்டல்தான் இது! சரியாக நூறாண்டு கழித்து, 1931இல், அமெரிக்காவில் ஜார்ஜ் பீச்சம் இந்தத் தத்துவத்தில் மின் கிட்டாரை உருவாக்கினார். அதே ஆண்டில்தான் இராமேசுவரத்தில் அப்துல் கலாம் பிறந்தார். அவர் வீணை வாசிப்பதில் விருப்பம் கொண்டிருந்தவர் என்பதை நீங்கள் அறிவீர்கள். வீணைக்குப் பிறகு வருவோம்.

மாண்டலின் உ. ஸ்ரீநிவாஸ் கர்நாடக இசை வாசித்த மின் மாண்டலினும் இந்தத் தத்துவத்தில் இயங்குவதே.

இனி இரைச்சலைப் பார்ப்போம். நம் வீட்டு மின்சாரம் மாறுதிசை மின்சாரம். நொடிக்கு 50 சுழற்சிகள். மேடையைச் சுற்றியுள்ள மின்கம்பிகள், மின்மாற்றிகள், குழல்விளக்கின் சோக் ஆகியவற்றைச் சுற்றி மாறும் காந்தப் புலம் இருக்கும். தந்தியால் வந்த மாற்றம் எது, சோக்கால் வந்த மாற்றம் எது என்று சுருளுக்குத் தெரியாது. இரண்டையும் மின்னழுத்தமாக்கி அனுப்பிவிடும்.

இதற்கு ஒரு தீர்வைக் கண்டவர் கிப்சன் நிறுவனப் பொறியாளர் சேத் லவர். 1955இல் அவர் காப்புரிமைக்கு விண்ணப்பித்த அமைப்பின் பெயர் 'ஹம்பக்கர்'. இதில் ஒன்றல்ல, இரண்டு சுருள்கள். ஒன்றில் காந்தத்தின் வடமுனை தந்தியை நோக்கி இருக்கும், மற்றதில் தென்முனை. மின்னோட்டம் ஒன்றில் வலமாகச் சுற்றினால் மற்றதில் இடமாகச் சுற்றும்படி இணைப்பு இருக்கும்.

வெளியிலிருந்து வரும் இரைச்சலுக்குக் காந்த முனை ஒரு பொருட்டல்ல. சுற்றின் திசை மட்டுமே கணக்கு. ஆகவே இரு சுருள்களிலும் அது எதிரெதிராக எழுந்து, கயிறு இழுக்கும் போட்டியில் சம பலமுள்ள இரு அணிகள்போல், பெரும்பாலும் அழிந்துவிடுகிறது. தந்தியின் ஒலிக்கோ முனையும் மாறியது, சுற்றும் மாறியது. இரண்டு முறை மாறினால் பழைய திசைதானே! எனவே அது கரைவலையின் இரு வடங்களையும் கரை நோக்கி இழுப்பதுபோல் ஒன்றுகூடுகிறது.

பற்றவைப்பு எப்படி? ஒவ்வொரு சுருளுக்கும் தொடக்கம், முடிவு என இரு முனைகள் உண்டு. இரண்டும் ஒரே திசையில் சுற்றப்பட்டிருந்தால், முடிவோடு முடிவைச் சேர்க்க வேண்டும். ஒரு தொடக்கம் ஆம்ப்ளிஃபயருக்கு. மற்றத் தொடக்கம் பொது முனைக்கு. தவறி ஒன்றின் முடிவை மற்றதன் தொடக்கத்தோடு சேர்த்தால் எல்லாம் தலைகீழ்: பாட்டு மெலியும், இரைச்சல் கூடும்!

கம்பியின் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். அது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். திசைகாட்டியைச் சற்று மேலே பிடித்தால் எந்தச் சுருளில் எந்த முனை என்று தெரியும். பிறகு முள் உள்ள மல்டிமீட்டரை ஒரு சுருளில் இணைத்து, அதன் மேல் வைத்த ஸ்க்ரூடிரைவரைச் சட்டென எடுங்கள். முள் ஒரு பக்கம் துடிக்கும். ஆம்ப்ளிஃபயர் பக்க முனையில் சிவப்புக் கம்பியை வைத்துச் சோதித்தால், இரு சுருளிலும் முள் ஒரே பக்கம் துடிக்க வேண்டும். சோதனையின்போது கிட்டார் ஆம்ப்ளிஃபயரோடு இணைந்திருக்கக் கூடாது.

ஓர் எச்சரிக்கை. இரைச்சலைக் குறைக்கச் சிலர் மூன்று முனைச் செருகியின் நில முனையை நீக்கிவிடுகிறார்கள். இது உயிரோடு விளையாடுவது! கிட்டாரின் தந்திகள் பொது முனையோடு இணைந்தவை. ஆம்ப்ளிஃபயரில் பழுது ஏற்பட்டால் தந்தியில் மின்சாரம் பாயும். கை தந்தியிலும் உதடு மைக்கிலும் இருந்தால் உடலே கம்பியாகிவிடும். உப்புக் காற்றில் வியர்த்த கை மின்சாரத்தை இன்னும் எளிதாகக் கடத்தும். இரைச்சலுக்கு மருந்து சுருளில் இருக்கிறது, செருகியில் இல்லை.

இப்போது வீணை. அதன் சாரணித் தந்தி எஃகு; மந்தரத் தந்தி பித்தளை. கிட்டார் பிக்கப்பை இவற்றின் கீழே வைத்தால் எந்தத் தந்தி நன்றாகப் பேசும், எது வாய் திறக்கத் தயங்கும்? வீட்டில் ஒரு காந்தத்தை எடுத்து இரண்டு உலோகங்களிலும் ஒட்டிப் பாருங்கள். விடை உங்கள் கையிலேயே கிடைக்கும்.