சிலம்பமும் அடிமுறையும் களரியும்: ஒற்றுமையும் வேற்றுமையும்

சில ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பில் ஒரு வழக்கு எழுந்தது. புதுவை மாணவர் ஒருவர், "சிலம்பமே தாய், களரி அதன் சேய்" என்றார். மாகேயிலிருந்து வந்து பயின்ற மாணவரோ, "இல்லை ஐயா, களரியிலிருந்து பிரிந்ததே சிலம்பம்" என்றார். இருவரும் ஒரே ஒன்றியப் பகுதியின் மக்கள். மாகே ஏறத்தாழ 600 கி.மீ. தொலைவில், வடக்கன் களரி செழித்த மண்ணின் நடுவே அமைந்திருப்பது. இருவருக்கும் அன்று நிறைவான விடையை என்னால் அளிக்க இயலவில்லை. பின்னர்த் தேடியும் கேட்டும் அறிந்தவற்றை ஈண்டுத் தொகுத்துரைக்கிறேன்.

தொலைவிலிருந்து நோக்குவார்க்கு இக்கலைகள் ஒன்றெனவே தோன்றும். அவற்றைப் பிரித்தறிய ஒரு வினா போதும்: ஆசான் முதல் நாளில் எதைக் கற்பிக்கிறார்?

வடக்கன் களரியில் முதற்பாடம் உடலே. மெய்த்தாரி, கோல்த்தாரி, அங்கத்தாரி, வெறுங்கை என்பது அதன் வரிசை. உடல் வளைந்த பின்னரே கோல்; கோல் வசப்பட்ட பின்னரே வாள் முதலிய இரும்புப் படைகள்; வெறுங்கைப் போர் இறுதியிலேயே கற்பிக்கப்படும். உயிர்நிலைகளை அறிந்த கை, தன்னை அடக்கப் பழகியவனிடமே சேர வேண்டும் என்பது அதன் கருத்து. பயிலுமிடம் 42 அடி நீளமும் 21 அடி அகலமும் கொண்ட குழி. அதன் தென்மேற்கு மூலையில் ஏழு படிகளையுடைய பூத்தறை. யானை, சிங்கம், குதிரை, பன்றி, பாம்பு, பூனை, சேவல், மயில் என்னும் எட்டு வடிவுகளும், தாழ்ந்த நிலைகளும், நெடிய பாய்ச்சல்களும் இதன் அடையாளம். இங்கே ஆசிரியர் 'குருக்கள்' எனப்படுவார்.

குமரி, திருவனந்தபுரம் பகுதிகளில் வழங்கும் அடிமுறையில் இவ்வரிசை தலைகீழாகும். வெறுங்கையே முதற்பாடம், கம்பும் பிற கருவிகளும் பின்னரே வரும். குழி வேண்டுவதில்லை, திறந்த வெளியே போதும். அண்மையில் நின்று கையால் தடுத்துத் தாக்கும் குறுகிய அசைவுகளே மிகுதி. இதன் மருத்துவம் சித்தமரபின் வர்மம்; படுவர்மம் 12, தொடுவர்மம் 96, ஆக 108 என்பர். ஆயுர்வேதமோ மர்மங்களை 107 என எண்ணும். வடக்கர் தம் கலையைப் பரசுராமனுக்கும், தெற்கர் அகத்தியருக்கும் உரியதாகக் கூறுவது மரபு.

சிலம்பத்தில் கம்பே தலைமை. காலடிப் பாடத்தையடுத்து, நெற்றியளவு உயரமுள்ள மூங்கிற் கம்பைச் சுழற்றும் வீச்சு கற்பிக்கப்படும். அச்சுழற்சியே பகைவனை எட்டி நிறுத்தும் வேலி. வெறுங்கைப் போர் 'குத்துவரிசை' எனத் தனிப்பெயர் பெறும்.

சொற்களும் உறவைக் காட்டுகின்றன. வடக்கன் களரியின் குறுங்கோலுக்கு 'முச்சாண்' என்று பெயர்; மூன்று சாண் நீளம் என்பதைத் தமிழர்க்கு விளக்கவும் வேண்டுமோ? மாப்பிள்ளை முஸ்லிம்களின் கோல்களியிலும் களரியின் அடவுகள் கலந்துள்ளன. கலை சமய வேலிகளையும் கடந்திருக்கிறது.

எனினும், பெயரைப் பெரும்பாலும் வரலாறே இடுகிறது. 1956 நவம்பர் 1இல் குமரி தமிழகத்தோடு இணைந்தது. 1958இல் கேரளத்தில் களரிப்பயிற்றுச் சங்கம் அமைந்தபின், அங்குத் தென்மரபும் 'தெக்கன் களரி' என அப்பெயருக்குள் அடங்கிற்று. எல்லைக்கு இப்பால் அதுவே அடிமுறை. கொரியாவிலும் இவ்வாறே நிகழ்ந்தது. பல பயிற்சிக்கூடங்களின் மரபுகள் 1955இல் சூட்டப்பட்ட 'டேக்வாண்டோ' என்னும் பெயரின்கீழ்ப் படிப்படியாக ஒன்றுகூடின; டாங்சூடோ மரபினர் சிலர் தனித்து நின்றனர். டேக்வாண்டோவும் 1966, 1973ஆம் ஆண்டுகளில் தோன்றிய இரு கூட்டமைப்புகளாகப் பிரிந்து, இருவேறு போட்டி விதிகளைக் கொண்டது. விதி மாறினால், காலப்போக்கில் கலையின் உடலும் மாறும்.

இது நமக்கும் ஓர் எச்சரிக்கை. கேலோ இந்தியா இளையோர் போட்டிகளில் களரி இடம்பெற்றுவிட்டது. 2024 சனவரியில் தமிழகத்தில் நடந்த போட்டிகளில் சிலம்பம் காட்சி விளையாட்டாக அரங்கேறியது. இவை மகிழ்ச்சிக்குரியன. ஆயினும், தொட்டால் புள்ளி என்னும் கணக்கில் அடங்காத வர்ம மருத்துவமும், காலடிகளின் பெயர்களும், பாடங்களின் வரிசையும் மறைந்துபோகலாகாது.

அவ்விரு மாணவர்க்கும் இன்று நான் கூறும் விடை இதுவே: எது தாய், எது சேய் என்று வழக்காடுதல் வேண்டா. இவை தமிழும் மலையாளமும் போல உறவுடையன, ஆயின் ஒன்றல்ல. உங்கள் தெருவில் முதிய சிலம்ப வாத்தியார் ஒருவர் இருப்பின், ஏட்டுடன் அவரிடம் செல்லுங்கள். அவர் நாவில் வழங்கும் அடிகளின் பெயர்களை ஒன்றுவிடாது எழுதிக்கொள்ளுங்கள். தமிழ் பயிலும் மாணவர் இக்கலைகளுக்குச் செய்யத்தக்க தொண்டு அதுவேயாகும்.