ஒரு சாப்பாட்டுத் தட்டும் ஐரோப்பியர் வணிகமும்

எட்டாம் வகுப்பில் ‘ஐரோப்பியர்களின் வருகை’ பாடம் நடத்தும்போது மிளகு, பருத்தித் துணி, தேயிலை என்று பண்டங்களின் பெயர்களை அடுக்கிவிட்டுக் கடந்துவிடுகிறோம். ஒரு பண்டத்தையாவது கையில் எடுத்துப் பார்ப்பதுபோல் நடத்த முடியாதா என்று தேடியபோதுதான் இலச்சினைத் தட்டுகள் என் கண்ணில் பட்டன. சில ஆண்டுகளாக அவற்றின் படங்களைச் சேர்த்துவருகிறேன். (தட்டுகளையே சேர்க்க நம் சம்பளம் போதாது!)

ஐரோப்பிய உயர்குடிக் குடும்பங்களுக்குக் கேடய வடிவில் இலச்சினை உண்டு. சிங்கம், கழுகு, பிறை, பட்டைக் கோடு என அதில் இருப்பவை பரம்பரையாக வருபவை. அவற்றைச் சாப்பாட்டுத் தட்டில் வரைந்து தரும்படி சீனாவுக்குச் சொல்லி அனுப்பினார்கள். சீனர் செய்ததுபோன்ற உறுதியான வெண்பீங்கான் ஐரோப்பாவுக்கு அப்போது கைவரவில்லை. ஜெர்மனியின் மைசன் ஆலையே 1710இல்தான் தொடங்கியது. சீனாவின் ஜிங்தேஜென் சூளைகள் அதற்குப் பல நூற்றாண்டுகள் மூத்தவை.

முதலில் கேட்டவர்கள் போர்த்துகீசியர். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த ஒரு நீல வெள்ளைக் கூஜாவில் போர்த்துகல் அரச இலச்சினை தலைகீழாக இருக்கிறது. வரைந்தவருக்கு அது பொருள் தெரியாத ஓர் உருவம், அவ்வளவுதான். 18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயரின் தேவை பெருகியது. நம் புனித ஜார்ஜ் கோட்டையைக் கட்டிய அதே கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்களில்தான் இவை போயின. ஆனால் கம்பெனியின் சரக்காக அல்ல. கப்பல் தலைவர்களும் அதிகாரிகளும் சொந்தக் கணக்கில் செய்துகொள்ள அனுமதிக்கப்பட்ட வணிகமாக. இலச்சினையின் படத்தைக் கொடுத்தனுப்பினால், கான்டன் (இன்றைய குவாங்சோ) பட்டறையில் வெள்ளைத் தட்டின்மேல் வரைந்து, மீண்டும் சூளையில் சுட்டுத் தருவார்கள். தட்டு இங்கிலாந்து வந்து சேர இரண்டு ஆண்டுகள்கூட ஆகும்.

சேகரிப்பாளர்கள் இவற்றை விரும்புவதற்கு அழகு மட்டும் காரணமில்லை. பெரும்பாலான பழம்பொருள்களின் வயதை ஊகிக்கத்தான் முடியும். இலச்சினைத் தட்டு தன் வயதைத் தானே சொல்லிவிடும். கேடயம் இரண்டாகப் பிரிந்திருந்தால், நாம் பார்க்கும்போது இடப்பக்கம் கணவன் குடும்பம், வலப்பக்கம் மனைவி குடும்பம். நடுவே சிறு கேடயம் ஒன்று இருந்தால் மனைவி, ஆண் வாரிசு இல்லாத வீட்டின் வாரிசு. இரு குடும்பங்களும் தெரிந்தால் தேவாலயப் பதிவேட்டில் திருமண ஆண்டைத் தேடலாம். தட்டு அதற்குப் பிந்தையது. டேவிட் ஹோவர்ட் என்ற ஆய்வாளர் இந்த முறையில், பிரிட்டனுக்காகச் செய்யப்பட்ட மூவாயிரத்துக்கும் மேற்பட்ட தட்டுத் தொகுதிகளை 1974, 2003 ஆண்டுகளில் வந்த இரண்டு தொகுதிகளில் பட்டியலிட்டிருக்கிறார். அப்படி வயது தெரிந்த தட்டுகளின் விளிம்பு அலங்காரத்தோடு ஒப்பிட்டு, இலச்சினை இல்லாத தட்டுகளின் காலத்தையும் கணிக்கிறார்கள். கல்வெட்டில் மன்னரின் ஆட்சியாண்டு நமக்குச் செய்யும் உதவி இது.

போலிகளும் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் பாரிஸின் சாம்சன் நிறுவனம் இவற்றின் நகல்களை ஏராளமாகச் செய்தது. பழைய வெறுந்தட்டில் பின்னாளில் இலச்சினை வரைந்து விலையேற்றியவர்களும் இருந்தார்கள். தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்க வேண்டும். கத்தி கீறிய தடங்களுக்கு மேலே வண்ணம் ஏறியிருந்தால், சாப்பிட்ட பிறகு வரைந்தது என்று பொருள்!

1791இல் கம்பெனி பீங்கானை மொத்தமாக இறக்குமதி செய்வதை நிறுத்தியது. பிரிட்டனில் இறக்குமதி வரியும் ஏறியது. உள்நாட்டு ஆலைகளும் வளர்ந்துவிட்டதால் இந்த வணிகம் தேய்ந்தது.

வகுப்பில் நான் செய்யும் செயல்பாடு ஒன்று. வண்ணம் அச்சிட முடியாத காலத்தில் இலச்சினையின் நிறங்களைக் கோடுகளால் குறித்தார்கள்: செங்குத்துக் கோடு சிவப்பு, கிடைக்கோடு நீலம், புள்ளிகள் பொன், வெற்றிடம் வெள்ளி. ஒரு குழு இந்தக் குறிப்பின்படி கேடயம் வரையும். அடுத்த குழு கான்டன் ஓவியர்கள். அவர்களுக்குக் குறிப்பைச் சொல்வதில்லை. பிள்ளைகள் கோடுகளையும் புள்ளிகளையும் அப்படியே பெயர்த்து வரைந்து தருவார்கள். கான்டனிலும் சில தட்டுகளில் இதுவே நடந்தது. குறிப்பைச் சொன்ன பிறகு எழும் சிரிப்பில், கடல் கடந்த வணிகத்தில் மொழி தெரியாமை என்றால் என்ன என்பதை நான் தனியாக விளக்க வேண்டியதில்லை.

சென்ற ஆண்டு ஒரு மாணவி, “சார், வரைஞ்சவங்க பேரு தட்டுல எங்க இருக்கு?” என்று கேட்டாள். பின்பக்கத்தின் படத்தையும் காட்டினேன். எங்கும் இல்லை.

நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் தன் இணையதளத்தில், காப்புரிமை இல்லாத பொருள்களின் படங்களை 2017 முதல் இலவசமாகத் தருகிறது. இலச்சினைத் தட்டுகள் அதில் நிறைய உண்டு. முழுத் தட்டு ஒரு தாளிலும் கேடயம் மட்டும் இன்னொரு தாளிலுமாக அச்சிட்டு, குழுவுக்கு ஒன்று கொடுத்தால் ஒரு பாடவேளைக்குப் போதும்.