பன்னவேலை: ஓய்வு நேரத்திற்கு ஒரு கைத்திறன்



இளமையிற் கற்று இடையிலே கைவிட்ட ஒரு கைவேலையை ஓய்வுக் காலத்தில் மீண்டும் எடுத்துக்கொள்ளுதல் குளிர்நாடுகளிற் பெருவழக்காக உள்ளது. அங்கே பலர் கம்பளி நூலையும் இரண்டு ஊசிகளையும் கையிலேந்தி மாலைப்பொழுதை இனிது கழிக்கின்றனர். எங்கள் வெப்பநாட்டிற்குக் கம்பளிச் சட்டை வேண்டுவதில்லை. ஆயினும் பின்னற்கலை எமக்கு அந்நியமானதன்று. யாழ்ப்பாணத்தவர் அதனை நூலிலன்றிப் பனையோலையிலே வளர்த்தனர். அதற்குப் பன்னவேலை என்று பெயர். "பெட்டி இழைத்தல்", "பாய் இழைத்தல்" என்பன எங்கள் வீடுகளில் வழங்கும் சொற்கள்.

காங்கேசன்துறைக்கு மேற்கே, கடலோரத்தில் அமைந்த கீரிமலையை அறியாதார் எம்மிடையே இலர். நகுலேசுவரத்தையும், உவர்க்கடலின் அருகிலேயே ஊறும் நன்னீர்க் கேணியையும், ஆடி அமாவாசைத் தீர்த்தத்தையும் எண்ணியே பலரும் அங்கே செல்வர். மழைநீரை உள்வாங்கித் தேக்கும் சுண்ணாம்புக்கல் நிலம் அது. அத்தகைய நிலத்திலே, வரட்சியையும் உப்புக்காற்றையும் தாங்கி நிற்கும் மரம் பனை. வீட்டுக்கு வேண்டிய கலங்களிற் பெரும்பகுதியை அம்மரமே தந்தது. வில்லியம் பேர்குசன் என்பார் 1850ஆம் ஆண்டிற் கொழும்பில் வெளியிட்ட பனை பற்றிய நூலிலே, பனையின் பயன்கள் எண்ணூற்றுக்கு மேற்பட்டவை எனக் கணக்கிடும் தமிழ்ச் செய்யுள் நூலொன்றை எடுத்துக் காட்டினார். அப்பயன்களில் ஓலையாலாவன பல.

இனி, இவ்வேலையின் முறையைச் சிறிது நோக்குவோம். ஓலைகளுள் விரியாத குருத்தோலை வெண்மையும் மென்மையும் உடையது. நுண்ணிய வேலைக்கு உரியது. முற்றிய சார்வோலை உரமானது. கடகம் முதலிய பாரமான கலங்களுக்கு ஏற்றது. குருத்தை விரித்து வெயிலில் உலர்த்தி, ஈர்க்கைக் களைந்து, ஒரே அகலமுள்ள கீற்றுகளாக வார்ந்துகொள்ள வேண்டும். அகலம் மயிரளவு பிசகினும் பத்தாவது வரிசையிலே இழை கோணிவிடும். ஆதலால் தேர்ந்த கைகள் இழைப்பதிலும் பார்க்க வார்வதிலேயே மிகுந்த கவனம் செலுத்தும். உலர்ந்த ஓலை மடிக்குமிடத்து வெடிக்கும். எனவே சிறிது நீர் தெளித்துப் பதப்படுத்துவர். வெயில் ஏறாத காலைவேளை இவ்வேலைக்கு உகந்தது.

கம்பளிப் பின்னலிலே பிழை நேரின் நூலை உருவி மீளவும் பின்னலாம். ஓலையோ ஒருமுறை மடிந்தால் அந்த மடிப்பை மறவாது. ஆகவே முன்னரே எண்ணித் திட்டமிடும் பழக்கத்தை அது கற்பிக்கின்றது. மேலொன்று கீழொன்றாக இழைப்பது முதற்பாடம். மேலிரண்டு கீழிரண்டாக இழைத்தால் சாய்வான கோலம் தோன்றும். இந்த எண்ணிக்கையை மாற்றுவதாலேயே பலவகை அழகுகள் பிறக்கின்றன. கணிதத்திற்கு அஞ்சும் பிள்ளைகளுங்கூட ஓலையிலே அதனை அஞ்சாது செய்துவிடுவர்.

நெடுநாள் விட்டுப்போன கையினர் முதலிற் சிறு தடுக்கொன்றை இழைக்கட்டும். அது தட்டையானது, விளிம்பு மடித்தால் முடிந்துவிடும். அடுத்தது பெட்டி. தட்டையாக இழைத்த சதுர அடியின் ஒவ்வொரு பக்கத்து நடுவிலும், இருபுறத்து ஓலைகளையும் ஒன்றன்மேலொன்று குறுக்கிட்டுப் பிணைத்தால் அவ்விடம் மூலையாகும். தட்டை நிமிர்ந்து பெட்டியாகும். அடி சதுரமாகவும் வாய் வட்டமாகவும் அமையும் விந்தை இதுவே. அதன்பின் நீற்றுப்பெட்டிக்குச் செல்லலாம். கூம்பாகக் குவியும் அதன் வடிவமும், இழைகளினூடே ஆவி புகும் இடைவெளியும் அமைந்தாலன்றிப் பிட்டு அவியாது. இறுதியாகக் கடகம்: இருபடையாக இழைத்து, விளிம்பை நாராற் பொத்தி முடிக்கும் உரமான வேலை. சாயமிட்டுக் கொதிக்கும் நீரிலே ஓலையைத் தோய்த்து, நிறக் கீற்றுகளை இடையிடையே சேர்க்கப் பழகுவது மற்றொரு விரிவு. பழைய வடிவங்களோடு நின்றுவிடாது, புத்தகப்பை, பூங்கூடை, மேசைத் தடுக்கு என இக்காலத் தேவைக்கேற்ப அமைத்தலும் ஆகும்.

விட்ட வேலையைத் தொட அஞ்சுவோருக்கு ஒன்று கூறுவேன். நூலிற் படித்தது நினைவினின்று நழுவினும், கை பழகிய தொழில் எளிதில் மறைவதில்லை என்பது உளநூலார் கண்ட உண்மை. முதல் நாள் விரல்கள் தயங்கும். சில நாட்களில் அவையே வழிகாட்டும்.

இவ்வளவு நயமுள்ள தொழில் தளர்ந்தமைக்குக் காரணம் யாது? பிளாஸ்ரிக் கூடைகளின் மலிவு ஒன்று. போரினாற் பெருந்தொகையான பனைகள் அழிந்தமை மற்றொன்று. கீரிமலை உள்ளிட்ட வலிகாமம் வடக்கு மக்கள் 1990ஆம் ஆண்டில் ஊரைவிட்டு இடம்பெயர்ந்தனர். 2009இற்குப் பின்னரே படிப்படியாகத் திரும்பலாயினர். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் முற்றத்து வடலியும் பாட்டியின் திண்ணையும் பிள்ளைகளுக்கு எட்டாதிருந்தன. அயலாரைப் பார்த்துக் கற்கும் கல்விக்கு, அயல் சிதறுவதிலும் பெரிய இழப்பு வேறில்லை.

இவற்றினும் ஆழமான காரணம் எம் மனத்திலே உள்ளது. றேந்தை பின்னுதலும் தையலும் நாகரிகப் பெண்களுக்குரிய கலைகளென்றும், ஓலை இழைத்தல் ஏழைகளின் பிழைப்பென்றும் வேறுபாடு கற்பித்தோம். "றேந்தை" போர்த்துக்கேயரிடமிருந்து வந்த சொல். பனையோ எம் மண்ணின் மரம். வந்ததைப் போற்றியது தவறன்று. இருந்ததை இகழ்ந்ததே தவறு.

பொழுதுபோக்காகச் சிலர் இழைத்தால், அதனாற் சீவிப்பவர்களின் பிழைப்புக் கெடாதா எனக் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் ஒரு சுளகை முடிக்கத் தன் விரல் நொந்தவர், சந்தையிலே சுளகு விற்கும் மூதாட்டியிடம் பத்து ரூபாவுக்காகப் பேரம் பேசமாட்டார். தொழிலை அறிந்தவனே அதன் விலையை அறிவான். பனை அபிவிருத்திச் சபை 1978ஆம் ஆண்டிலே நிறுவப்பட்டது. பயிற்சியும் விற்பனையும் அதனால் நடைபெற்று வருகின்றன. எனினும் சபைகளால் மட்டும் ஒரு கலை வாழ்ந்துவிடாது. வாங்குவோரின் மதிப்பும் அதற்கு வேண்டும்.

மரத்தின்மீதும் எமக்குக் கடமையுண்டு. ஒரு வடலியில் அளவுக்கு மிஞ்சிக் குருத்தெடுத்தால் அது தளர்ந்துபோகும். எனவே ஓலை வெட்டும் வீட்டில் ஆண்டுதோறும் சில பனங்கொட்டைகளேனும் ஊன்றப்படல் வேண்டும். பனை காய்க்கப் பதினைந்து, இருபது ஆண்டுகள் செல்லும். ஊன்றுபவர் தமக்காக மட்டும் ஊன்றுவதில்லை.

நேயர்களே, உங்கள் வீட்டிலோ அயலிலோ இழைக்கத் தெரிந்த முதியவர் ஒருவர் இருப்பார். இவ்வாரத்திலேயே ஓரோலையுடன் அவரிடம் செல்லுங்கள். ஒரு பிள்ளையையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். அவர் கையிலுள்ளதை எந்தப் புத்தகமும் முழுதாக எழுதிவைக்கவில்லை. அவர் இருக்கும்போதே அதனைப் பெற்றுக்கொள்ள வேண்டும்.