வேலூர் வெயிலுக்கு எந்த ஐசிங் தாங்கும்? ஜெலட்டின், முட்டை, க்ரீமுக்குப் பதில் என்ன போடலாம்?

கத்திரி வெயில் நேரத்தில் வேலூர், ஆம்பூர் பக்கம் வெப்பநிலை 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது சகஜம். வெண்ணெய் உருகுவதோ 32 முதல் 35 டிகிரிக்குள். வீட்டில் செய்த பிறந்தநாள் கேக்கை ஸ்கூட்டரில் வைத்து அமிர்திக்குக் கொண்டு போனால் மேலே போட்ட ரோஜாப்பூ என்ன ஆகும் என்று இதிலேயே புரிந்துவிடும். வேலூரில் இருந்து சுமார் 25 கி.மீ.தான். ஆனால் பட்டர்க்ரீமுக்கு அது ரொம்ப தூரம்.

வீட்டிலேயே ஆர்டர் எடுத்து கேக் விற்பவர்களுக்கு, இது பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய சமாச்சாரம். அதனால் எந்த ஐசிங்கில் எதை மாற்றலாம் என்று பார்ப்போம்.

க்ரீம் ஏன் நுரைக்க மாட்டேங்குது?

கடையில் கிடைக்கும் சாதாரண ஃபிரெஷ் க்ரீம் பாக்கெட்டில் கொழுப்பு 25 சதவீதம்தான் இருக்கும். காற்றைப் பிடித்து நிற்க குறைந்தது 30, நன்றாக நிற்க 35 சதவீதம் வேண்டும். எவ்வளவு நேரம் பீட்டரை ஓட்டினாலும் அந்த பாக்கெட் க்ரீம் கெட்டியாகாது. தப்பு உங்கள் கையில் இல்லை.

இதற்குப் பதிலாக பேக்கரிகளில் பயன்படுவது 'விப்பிங் க்ரீம்' என்று விற்கும் நான்-டெய்ரி டாப்பிங். பெரும்பாலும் பனைக்கொட்டை எண்ணெயில் செய்தது. பால் க்ரீமைவிட வெயிலைத் தாங்கும். ஏற்கெனவே இனிப்பு சேர்த்திருப்பார்கள் என்பதால் சர்க்கரை போடுவதற்கு முன் ருசி பாருங்கள். லேபிளில் டிரான்ஸ் ஃபேட் அளவையும் பாருங்கள். எண்ணெய், வனஸ்பதி போன்றவற்றில் அது 2 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்ற விதி 2022 ஜனவரியில் இருந்து அமலில் இருக்கிறது.

அந்த 25 சதவீத க்ரீமும் வீணில்லை, கனாஷ் செய்ய அதுவே போதும். வழக்கமாக சாக்லேட்டும் க்ரீமும் சம எடை. நம்ம ஊர் கோடைக்கு சாக்லேட் இரண்டு பங்கு, க்ரீம் ஒரு பங்கு. நம்மைக் கேட்டால் மே மாதத்தில் கனாஷ்தான் முதல் சாய்ஸ்.

தோலும் ஜெலட்டினும்

தோல் தொழிற்சாலைகள் நிறைந்த பகுதியில் இருப்பவர்களுக்கு இது தெரிந்திருக்கலாம். மாட்டுத் தோலில் இருப்பது கொலாஜன் என்ற புரதம். அதைப் பதனிட்டால் அழுகாத லெதர். பதனிடாத தோலையும் எலும்பையும் பக்குவப்படுத்தி, வெந்நீரில் கொதிக்கவைத்து எடுத்தால் ஜெலட்டின். மார்ஷ்மெல்லோவிலும் சில ஃபாண்டன்ட்களிலும் இருப்பது அதுதான்.

சைவம் சாப்பிடுபவர்களுக்கு இது ஆகாது. இஸ்லாமியர்கள் ஹலால் முத்திரை இருக்கிறதா என்று கேட்பார்கள். கேட்காமல் போட்டுவிட்டு பிறகு சொன்னால் கேக் அப்படியே திரும்பி வரும். கூடவே நம்பிக்கையும் போகும். பாக்கெட்டில் பச்சை வட்டம் போட்ட ஃபாண்டன்ட் தனியாகவே கிடைக்கிறது. ஆர்டர் எடுக்கும்போதே கேட்டுவிடுவது நல்லது.

இன்னொரு மாற்று, ரமலான் மாதத்தில் பல வீடுகளில் செய்யும் கடல்பாசி. ஜெலட்டின் வெயிலிலேயே இளகிவிடும். கடல்பாசி உருக 85 டிகிரி வேண்டும். அதனால் கேக் மேல் ஊற்றும் பழ ஜெல்லிக்கு இதை அடிக்க ஆளில்லை. சும்மா வெந்நீரில் கரையாது, இரண்டு நிமிடமாவது கொதிக்கணும். ஆனால் ரப்பர் மாதிரி இழுபடாது. ஃபாண்டன்ட்டில் போட்டால் விரிசல் விடும்.

முட்டை வேண்டாம் என்றால்?

ராயல் ஐசிங் என்பது முட்டை வெள்ளைக்கருவும் ஐசிங் சுகரும். கொழுப்பு இல்லாததால் வெயிலில் உருகாது, காய்ந்து இறுகும். மழைக்காலத்தில்தான் பிசுபிசுக்கும். பச்சை முட்டையில் சால்மோனெல்லா கிருமி இருக்க வாய்ப்பு உண்டு என்பதால் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் தவிர்ப்பதே சரி.

பதிலுக்கு கொண்டைக்கடலை வேகவைத்த தண்ணீர்! ஒரு வெள்ளைக்கருவுக்கு இரண்டு டேபிள்ஸ்பூன். ஆறவைத்து அடித்தால் வெள்ளை நுரையாகப் பொங்கும். வெள்ளைக் கொண்டைக்கடலையாக இருக்கட்டும், நிறம் மாறாது. தண்ணீர் நீர்த்திருந்தால் கொஞ்சம் சுண்டவைக்கணும். சுண்டலுக்கு வேகவைக்கும் அதே தண்ணீர்தான், உப்பு மட்டும் போடாமல் எடுத்து வையுங்கள்.

ஐசிங் சுகர் தீர்ந்துபோனால் ஒரு கப் சர்க்கரைக்கு ஒரு டேபிள்ஸ்பூன் கார்ன் ஃப்ளார் சேர்த்து மிக்ஸியில் நைசாக அரைத்து சலிக்கவும். வெள்ளையாக இருக்கும் கார்ன் ஃப்ளார்தான் வேண்டும், மஞ்சள் மக்காச்சோள மாவு இல்லை. க்ரீம் சீஸ் கிடைக்காவிட்டால் கெட்டித் தயிரைத் துணியில் கட்டி ஒரு ராத்திரி ஃபிரிட்ஜில் வடியவிடுங்கள். லேசாகப் புளிக்கும்தான், ஆனால் கேரட் கேக்குக்கு அந்தப் புளிப்பு நன்றாகவே பொருந்தும்.