ஏரியை அடுத்த கட்டடங்களும் கிராமத்தாரின் முன்விசாரணையும்

ஏரி என்பது கரைக்குள் நிற்கும் ஜலம் மாத்திரமே என்று எண்ணுவது பெரும் பிழையாகும். மழைநீர் திரண்டு இறங்கும் மேட்டு நிலமும், அதைக் கொண்டுவரும் வரத்துக் கால்களும், மிகுந்த நீர் வழியும் கலங்கலும், கலங்கலுக்குக் கீழுள்ள ஓடையும், மதகின் வழியே பாயும் ஆயக்கட்டும் ஆகிய யாவும் சேர்ந்ததே ஏரி. இவற்றுள் யாதொன்று கெட்டாலும் மற்றவை நாளடைவில் கெடும் என்பது குடியானவர்கள் அனுபவத்தில் அறிந்த விஷயமே.

பட்டணங்களும் பெருஞ் சாலைகளும் பெருகிவரும் இக்காலத்தில், பாதுகாக்கப்பட்ட நீர்நிலைகளின் அருகிலும் மனைப்பிரிவுகள், கிடங்குகள், தொழிற்கூடங்கள் முதலியவை எழுகின்றன. கட்டடம் எழுந்த பின் முறையிடுவதால் விளையும் பயன் சொற்பம். அஸ்திவாரம் தோண்டுமுன் கிராமத்தார் செய்யவேண்டிய விசாரணை எத்தகையது, அது ஏன் அவசியம் என்பவை இங்கு விளக்கப்படுகின்றன.

வேடந்தாங்கலின் வழக்கம்

செங்கல்பட்டு மாவட்டம் மதுராந்தகம் வட்டத்திலுள்ள வேடந்தாங்கல் ஏரி சுமார் 30 ஹெக்டேர், அதாவது ஏறக்குறைய 74 ஏக்கர் விஸ்தீரணமுள்ளது. மாரிக்காலத்தில் அது நிரம்பியதும், நீரில் நிற்கும் கடம்ப மரங்களிலும் கருவேல மரங்களிலும் நத்தைக்குத்தி நாரை, நீர்க்காகம், வக்கா, அரிவாள்மூக்கன், கூழைக்கடா முதலிய பறவைகள் ஆயிரக்கணக்கில் கூடுகட்டுகின்றன. இப்பறவைகளைச் சிப்பாய்கள் சுட்டுவந்தபடியால் கிராமத்தார் கலெக்டரிடம் முறையிட்டு, அவற்றைக் காக்கும் உரிமையை 1798-ம் வருஷத்திலேயே எழுத்து மூலம் பெற்றனர் என்று சொல்லப்படுகிறது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது 1972-ம் வருஷத்தில். கிராமத்தாரின் காவலோ அதற்கு 174 வருஷங்கள் முந்தியது.

இக்காவலுக்கு ஜீவகாருண்யம் மாத்திரமே காரணமன்று. பறவைகளின் எச்சம் ஏரி நீரில் விழுந்து கரைகிறது. எச்சத்தில் தழைச்சத்தும் மணிச்சத்தும் மிகுதி. அந்த நீர் மதகின் வழியே வயலுக்குப் பாயும்போது, செலவில்லாத உரமும் கூடவே பாய்கிறது. இதனை அவ்வூர்க் குடியானவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கண்டறிந்திருந்தனர்.

இதில் கவனிக்கத்தக்க விஷயம் மற்றொன்றுண்டு. பறவைகள் கூடுகட்டுவது ஏரியிலேயாயினும் இரை தேடுவது சுற்றுப்புறத்து வயல்களிலும் குட்டைகளிலும் அயல் ஏரிகளிலுமே. நத்தைக்குத்தி நாரை தன் பெயருக்கேற்ப வயல் நத்தையைப் பிரதானமாகத் தின்பது. சுற்றுப்புறத்து ஈரநிலம் குறைந்தால் இரை குறையும். இரை குறைந்தால் கூடும் குறையும். கூடு குறைந்தால் ஆயக்கட்டில் உரமும் குறையும். ஆகையால் 74 ஏக்கர் ஏரியைக் காப்பதற்கு 74 ஏக்கரை மாத்திரம் காத்தல் போதாது. ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் தூரம் சரணாலய எல்லையாக 1998-ம் வருஷத்தில் வகுக்கப்பட்டதன் நியாயம் இதுவே. 2020-ம் வருஷத்தில் இவ்வெல்லையைக் குறைக்க ஒரு யோசனை எழுந்து, பலத்த ஆட்சேபத்திற்கு உள்ளாகி, நிறைவேறாது போயிற்று. 2022-ம் வருஷத்தில் இந்த ஏரி, ராம்சார் உடன்படிக்கையின்படி சர்வதேச முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ஜாபிதாவிலும் சேர்க்கப்பட்டது.

கட்டடத்தால் கெடுதி நேரும் விதம்

ஓர் ஏக்கர் நிலத்தில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் அது சுமார் 40,000 லிட்டர் நீராகும். பத்து ஏக்கர் மேட்டு நிலத்தில் ஒரே இரவில் 5 சென்டிமீட்டர் பெய்தால் 20 லட்சம் லிட்டராகும். மண்ணாக இருக்கும்வரை அந்நிலம் ஒரு பகுதியை உறிஞ்சிக் கிணறுகளுக்கு அளித்து, மீதியை மெதுவாக ஏரிக்கு அனுப்புகிறது. அதே பத்து ஏக்கரும் கூரையும் சிமெண்டுத் தரையும் ஆகிவிட்டால், ஏறக்குறைய அவ்வளவு நீரும் உடனே ஓடத் தொடங்கும். வழி திறந்திருந்தால் அது தாழ்ந்த வயல்களை மூழ்கடிக்கும். சுற்றுச்சுவர் வழியை மறித்தாலோ ஏரிக்குச் சேரவேண்டிய நீர் சேராது. மேலிருப்பவனுக்கு வெள்ளமும் கீழிருப்பவனுக்கு வறட்சியும் ஒரே சுவரால் உண்டாதல் கூடும்.

இதன்றி, மண் கொட்டி மனையை உயர்த்துதல், ஓடையின்மேல் சிறு குழாய் பதித்துப் பாதை போடுதல், கழிவுநீரை வரத்துக் காலில் விடுதல், ஆழ்துளைக் கிணறுகளால் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி இறைத்தல், இரவு முழுதும் கடும் விளக்கெரித்தல் ஆகியவையும் கெடுதி செய்பவை. ஒரு கட்டடத்தால் நேரும் கெடுதி அற்பமாகத் தோன்றலாம். பத்தாவது கட்டடத்திற்குப் பிறகே கிராமம் விழித்துக்கொள்கிறது. அதற்குள் காலம் கடந்துவிடுகிறது.

சென்னைக்குத் தெற்கேயுள்ள பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் இதற்குத் தகுந்த திருஷ்டாந்தம். ஒரு காலத்தில் சுமார் 50 சதுர கிலோமீட்டர் பரவியிருந்த அந்நிலம், குடியிருப்பு, அலுவலகங்கள், சாலை, குப்பைமேடு ஆகியவற்றால் மிகவும் சுருங்கிப்போயிற்று. 2007-ம் வருஷத்தில் 317 ஹெக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. ஆயினும் நீர் தங்கியிருந்த இடங்களில் பெரும்பகுதி அதற்கு முன்னரே கட்டடமாகிவிட்டபடியால், 2015-ம் வருஷ மழையில் அச்சதுப்பை அடுத்த வேளச்சேரி முதலிய இடங்களில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. நீரைத் தன் இடத்திலிருந்து அகற்றியவர்களின் இடத்திற்கு நீரே வந்துசேர்ந்தது.

சட்டம் செய்வதும் செய்யாததும்

சரணாலய எல்லைக்குள் இருக்கும் நீர்நிலைகளுக்கு 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும். அச்சட்டத்தின் 29-வது பிரிவின்படி, சரணாலயத்திற்குள் வரும் நீரையோ வெளிச்செல்லும் நீரையோ அனுமதியின்றித் திருப்புவதும், நிறுத்துவதும், மிகுவிப்பதும் குற்றமாகும். ஆகவே வரத்துக் காலை அடைப்பது ஊர்த் தகராறு மாத்திரமன்று, சட்ட விரோதமுமாகும்.

சரணாலயத்திலும் காட்டிலும் சேராத ராம்சார் ஈரநிலங்களுக்கும், அரசினர் அறிவித்த ஈரநிலங்களுக்கும் 2017-ம் வருஷத்து ஈரநில விதிகள் பொருந்தும். அவ்விதிகள் ஏற்பட்ட தேதிக்கு முந்திய பத்து வருஷங்களில் கண்ட சராசரி உச்ச வெள்ள மட்டத்திலிருந்து 50 மீட்டருக்குள், படகுத்துறை தவிர நிரந்தரக் கட்டடம் எதுவும் கூடாது. கோடையில் நீர் வற்றிநிற்கும் விளிம்பிலிருந்து அளக்கலாகாது என்பதை உத்தியோகஸ்தர்கள் நினைவில் கொள்ளுதல் வேண்டும்.

பாசனத்திற்கென்றே கட்டப்பட்ட ஏரிகள் இவ்விதிகளின் பொருளில் அடங்கா. பொதுப்பணித் துறையின் பொறுப்பிலுள்ள ஏரிகளுக்கு 2007-ம் வருஷத்துத் தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்புச் சட்டம் உண்டு. எந்த நீர்நிலைக்கு எந்தச் சட்டம் என்று முதலில் தெளிந்துகொண்டு எழுதாவிடில், நியாயமான மனுவும் தள்ளுபடியாகும்.

இனி முக்கியமான விஷயம் ஒன்று. பெரிய தொழிற்சாலை, சுரங்கம் முதலியவற்றிற்கு, 2006-ம் வருஷத்துச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, 30 நாளுக்குக் குறையாத அறிவிப்புக் கொடுத்துப் பொதுமக்கள் கருத்துக் கேட்கும் கூட்டம் நடத்தப்படுகிறது. கட்டடத் திட்டங்களுக்கோ, 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் கட்டுவதாயிருந்து சுற்றுச்சூழல் அனுமதி பெறவேண்டியிருப்பினும், அறிவிக்கை அத்தகைய கூட்டத்தை விதிக்கவில்லை. சிறு வீடுகளின் நிலை இன்னும் எளிது. 2,500 சதுர அடிக்கு மேற்படாத மனையில் 3,500 சதுர அடிக்குள் கட்டும் வீட்டிற்குச் சுயசான்றின் பேரில் உடனே அனுமதி தரும் முறை தமிழ்நாட்டில் 2024-ம் வருஷத்தில் ஏற்பட்டது. அதில் முன்கூட்டி இடத்தைப் பார்வையிடுவதில்லை. எனவே ஸ்தலத்தை நேரில் அறிந்தவர்கள் பேசுவதற்கு உரிய சமயம், நிலம் மனையாகப் பிரிக்கப்படுவதற்கு முன்னுள்ள சமயமே. அப்போது கிராம நிர்வாக அலுவலர் அனுப்பும் அறிக்கையும் ஊராட்சியின் தீர்மானமுமே ஊரின் குரலாகும். நாற்காலியில் அமர்ந்தபடியே ‘ஆட்சேபணை இல்லை’ என்ற இரண்டு சொற்களை எழுதி அனுப்பினால், அந்த இரண்டு சொற்களுக்காக ஆயக்கட்டு முழுவதும் நீடித்த விலை கொடுக்க நேரிடலாம்.

நேரில் பார்க்கவேண்டியவை

1. கணக்குகள்: கிராம வரைபடம், புலப்படம், அ-பதிவேடு ஆகிய மூன்றையும் ஒப்பிட்டு, உத்தேச இடத்திலும் அதை அடுத்த புலங்களிலும் ஓடை, வாய்க்கால், நீர்நிலைப் புறம்போக்கு உண்டா என்று பார்க்கவேண்டும். பல வருஷங்களாக நீர் ஓடாத கால் கணக்கிலிருந்து மறைந்துவிட்டதாகக் கொள்ளலாகாது.

2. வெள்ளக் குறி: நீர்க்கட்டியையும் ஊர்ப் பெரியவர்களையும் உடன் அழைத்துச் சென்று, பெருமழைக் காலங்களில் நீர் எதுவரை நின்றது என்பதைக் கிணற்றுச் சுவர், பனைமரம், கோயில் மதில் முதலியவற்றில் கண்டு குறித்துக்கொள்ளவேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் பார்ப்பது உத்தமம். மனு சித்திரையில் வந்தால் குறிகளைக் கேட்டறியாமல் அறிக்கை எழுதலாகாது.

3. நிரப்பும் உயரம்: மனையை எவ்வளவு உயர்த்துவார்கள், அவ்விடத்தில் இதுவரை தங்கிய நீர் இனி யாருடைய நிலத்திற்குப் போகும், பாதையின் கீழ் விடும் கண்வாய் பெருவெள்ளத்திற்குப் போதுமா என்று கேட்கவேண்டும்.

4. கழிவு: மலக்குழியும் கழிவுநீர்க் குழியும் வரத்துக் காலிலிருந்து எவ்வளவு தூரம், குழி நிரம்பினால் வழியும் திசை எது என்பவற்றை வரைபடத்தில் காட்டச் சொல்லவேண்டும்.

5. நிலத்தடி நீர்: எத்தனை ஆழ்துளைக் கிணறுகள் உத்தேசம், அருகிலுள்ள பாசனக் கிணறுகளின் கோடை நீர்மட்டம் எவ்வளவு என்று குறிக்கவேண்டும்.

6. ஒளியும் ஓசையும்: கூடுகட்டும் மாதங்களில் இரவு விளக்கு, வேட்டு, இயந்திர ஓசை ஆகியவை பறவைகளை வெருட்டும். சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடிச் சரணாலயத்தை அடுத்த கொள்ளுக்குடிப்பட்டியார், இதன்பொருட்டுத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதையே விட்டிருக்கின்றனர்.

பார்த்தவை யாவும் எழுத்தில் இருத்தல் வேண்டும். ‘ஊருக்குக் கெடுதி’ என்று பொதுப்பட எழுதிய தீர்மானத்தால் பயனில்லை. இன்ன புல எண்ணில் இன்ன அகலமுள்ள கால் இருக்கிறது, இன்ன வருஷத்து வெள்ளம் இன்ன இடம் வரை நின்றது, உத்தேசக் கட்டடம் அதிலிருந்து இத்தனை மீட்டரில் உள்ளது என்று கையால் வரைந்த படத்துடன் எழுதினால், மேலதிகாரிகள் அதை எளிதில் ஒதுக்க இயலாது. மார்ச் 22-ந் தேதி உலகத் தண்ணீர் தினத்தன்று கூடும் கிராம சபை இத்தகைய விஷயங்களை ஆராய மிகவும் ஏற்றது. தீர்மானத்தின் நகல்கள் வட்டாட்சியருக்கும், நகர் ஊரமைப்பு அலுவலகத்திற்கும், நீர்வளத் துறைக்கும், சரணாலயமாயின் வனத்துறைக்கும் செல்லவேண்டும்.

பட்டாதாரின் ஆட்சேபம்

‘பாடுபட்டுச் சேர்த்த நிலம் என்னுடையது, பறவைக்காக அதை விற்கவும் கட்டவும் தடையா?’ என்று கேட்கும் பட்டாதார் உண்டு. அவர் கேள்வியை அலட்சியம் செய்தல் தகாது. மனை விலைக்கும் வயல் விலைக்கும் உள்ள வித்தியாசம் பெரிது. மகளின் விவாகத்திற்கோ மகனின் படிப்பிற்கோ நிலத்தையே நம்பியிருப்பவருக்கு அது மெய்யான நஷ்டமே. ஆயினும் இரண்டு விஷயங்களை அவர் யோசிக்கவேண்டும். ஒன்று, ஆயக்கட்டு நிலத்திற்கு விலை ஏற்பட்டதே ஏரி நீரால். நீர் போனபின் விற்காமல் நிற்கும் மீதி நிலத்திற்கும், அண்டை அயலாரின் நிலத்திற்கும் அவ்விலை நிலைக்காது. மற்றொன்று, எல்லைக்குட்பட்ட நிலம் என்பதை மறைத்தோ அறியாமலோ கிரயம் செய்தால், பின்னர் அனுமதி மறுக்கப்படும்போது வாங்கினவருக்கும் விற்றவருக்கும் வழக்கே மிஞ்சும். முன்பணம் வாங்குமுன் எல்லையை விசாரிப்பது இரு திறத்தாருக்கும் க்ஷேமம்.

விசாரணை என்பது எல்லாக் கட்டடத்தையும் தடுப்பதற்கன்று. மேட்டுப் பாங்கில், கால்களுக்கு விலகி, மழைநீரைத் தன் எல்லைக்குள் சேமித்து, கழிவைச் சுத்திகரிக்கும் கட்டடத்திற்கு ஊரார் இடையூறு செய்யவேண்டுவதில்லை. நிபந்தனைகளைத் தீர்மானத்தில் எழுதி, அவை நிறைவேறும்வரை கண்காணித்தாலே போதும்.

வேடந்தாங்கல் ஊரார் அன்று முறையிட்டது சுட்டு வீழ்த்திய துப்பாக்கிக்கு எதிராக. இன்று வரும் கெடுதிக்குத் துப்பாக்கியின் ஓசை இல்லை. அது மனுவாகவும் வரைபடமாகவும் அமைதியாக வருகிறது. அதைப் படித்து, நிலத்தில் இறங்கி அளந்து, உள்ளதை உள்ளபடி எழுதுவதே இக்காலத்துக் காவலாகும். இவ்வருஷத்து மாரிக்காலம் தொடங்குமுன் ஒவ்வொரு கிராமத்தாரும் தங்கள் ஏரியின் வரத்துக் கால்களை ஒருமுறை முழுதும் நடந்து பார்த்து, வெள்ளக் குறிகளைக் கற்களில் பொறித்து, புல எண்களைக் குறித்துவைப்பார்களாயின், மனு வரும் நாளில் விடை கையிலேயே இருக்கும்.